ஆப்ல 3454-ஐ தட்டிட்டு மேடை ஏறாதீங்க

புதிய ஏற்பாட்டு கிரேக்கம் சொல்லிக்குடுக்கிறதுதான் நம்ம பொழப்பு. பைபிள் ஆப்ல மூலமொழி வார்த்தை ஒவ்வொண்ணுக்கும் ஸ்ட்ராங்ஸ் நம்பர்னு ஒரு எண் இருக்கும், அதைத் தட்டிப் பாத்துட்டு வருஷத்துக்கு ஒருத்தராவது போனை நீட்டிக்கிட்டு வந்துடுவாங்க, "சார், ஸ்ட்ராங்ஸ் நம்பர் 3454, மூதோஸ்ங்கிற கிரேக்க வார்த்தை, இதுலேர்ந்துதான் கட்டுக்கதைக்கு இங்கிலீஷ்ல சொல்ற மித்ங்கிற வார்த்தையே வந்துச்சாம், அப்போ மத்தவங்க சாமிக்கதை எல்லாம் பொய்னு பைபிளே சொல்லுதுல்ல"ன்னு. இன்னும் சிலர் வேற வீடியோ பாத்துட்டு வருவாங்க, பழைய கிரேக்கக் கவிஞர் ஹோமர்ல மூதோஸ்னா வெறும் பேச்சுதான், அதனால அதுல கண்டிக்க ஒண்ணுமே இல்லைன்னு. ரெண்டு பேருமே முன்ன பின்ன உள்ள வசனத்தைப் படிச்சிருக்க மாட்டாங்க.

ஹோமர் விஷயம் பொய்யில்ல. அவரோட இலியட் காவியம் ஒன்பதாம் காண்டத்துல வயசான ஃபீனிக்ஸ் வீரன் அக்கிலீஸ்கிட்ட, உன்னை மூதோஸ் பேசுறவனாவும் காரியம் செய்றவனாவும் ஆக்கத்தான் உங்கப்பா என்னை அனுப்பினாருன்னு சொல்லுவாரு, அங்க அது சபையில எடுபடுற கனமான பேச்சு. ஆனா பல நூறு வருஷம் தாண்டி பிளேட்டோகிட்ட வந்தா, அவரு எழுதின கோர்கியாஸ்ங்கிற உரையாடலோட கடைசியில சாக்ரடீஸ், நான் சொன்னது உனக்குக் கிழவி சொல்ற மூதோஸ் மாதிரி இருக்கும்ங்கிறாரு. அதே கிழவி 1 தீமோத்தேயு 4:7லயும் வர்றா, "கிழவிகள் பேச்சுமாயிருக்கிற கட்டுக்கதைகளுக்கு விலகி"ன்னு. ஆக அந்தக் கடிதம் எழுதின காலத்துல இந்த வார்த்தைக்கு ஹோமர் வாசனை போயிடுச்சு.

புதிய ஏற்பாடு முழுக்கவே அஞ்சு இடம்தான், 1 தீமோத்தேயு 1:4, 4:7, 2 தீமோத்தேயு 4:4, தீத்து 1:14, 2 பேதுரு 1:16. அஞ்சும் பன்மை, அஞ்சும் வசவு. சுவிசேஷத்துல ஒண்ணு கூட கிடையாது. பழைய தமிழ் பைபிள்ல அஞ்சு இடத்துலயும் கட்டுக்கதைன்னே போட்டிருக்காங்க, எனக்கு அந்த வார்த்தை ரொம்ப பிடிக்கும், யாரோ உக்காந்து கட்டினதுங்கிற வாடை அதுலயே இருக்கு.

சரி, எந்தக் கட்டுக்கதை? இதுல நானே வழுக்கி விழுந்திருக்கேன். 1 தீமோத்தேயு முதல் அதிகாரத்தை எடுத்தேன், அந்தக் கடிதத்தை வாங்கின தீமோத்தேயு இருந்தது எபேசு பட்டணம், அங்க தியானாள்ங்கிற தேவியோட கோயில் இருக்கு, அப்போஸ்தலர் 19ல தட்டான் தெமேத்திரியு பண்ண கலாட்டா இருக்கு, பிரசங்கத்துக்கு வேற என்ன வேணும், முக்கால் மணி நேரம் தியானாளைப் போட்டு வாங்கிட்டேன். முடிஞ்சு செருப்பு மாட்டும்போது ஒரு ஐயா வந்து மெதுவா கேட்டாரு, "தம்பி, ஏழாம் வசனத்துல நியாயப்பிரமாண போதகராயிருக்க விரும்புகிறார்கள்னு போட்டிருக்கே, அது மோசே குடுத்த யூதச் சட்டமாச்சே, தியானாள் கோயில்ல ஏது நியாயப்பிரமாணம்?" பதிலே இல்ல எங்கிட்ட. நாலாம் வசனத்துல கட்டுக்கதைக்குப் பக்கத்துலயே வம்சவரலாறு நிக்குது, தீத்துல "யூதருடைய"ன்னே பச்சையா இருக்கு. இது வேத வசனத்தை வெச்சுக்கிட்டே சபைக்குள்ள கதை விட்டவங்களோட சண்டை, ஊர்க்கோயில் இதுல வரவே இல்ல. கி.பி. 180 வாக்குல இரேனியுங்கிற சபைத் தலைவர் இந்த 1 தீமோத்தேயு 1:4 வசனத்தோடதான் தன்னோட புத்தகத்தை ஆரம்பிக்கிறாரு, அவரு அடிச்சதும் தங்களையும் கிறிஸ்தவங்கன்னு சொல்லிக்கிட்ட வாலண்டினுங்கிறவர் பின்னால போன கூட்டத்தைத்தான்.

வெளியில இருக்கிற கிரேக்கக் கதைகள்கிட்ட பேச்சு வேற மாதிரி. கி.பி. 150களில் ரோம்ல ஜஸ்டின்ங்கிற கிறிஸ்தவ எழுத்தாளர், கிரேக்கக் கடவுள் சேயுஸோட பிள்ளைகளைப் பத்தி நீங்க சொல்றதை விட நாங்க ஒண்ணும் புதுசா சொல்லிடலையேன்னு எழுதுறாரு, அப்புறம் அதே புத்தகத்துல, அதெல்லாம் பிசாசு முன்கூட்டியே அடிச்ச காப்பின்னும் சொல்றாரு. ரெண்டையும் சேத்துத்தான் படிக்கணும், ஒரு பாதியை மட்டும் வெட்டி ஃபார்வர்ட் பண்றதுதான் இப்போ வழக்கமாயிடுச்சு.

இதுல வேடிக்கை என்னன்னா அந்தக் கிழவிக்கதைங்கிற வசவு சுத்தி கிறிஸ்தவங்க வீட்டுக்கே வந்துச்சு. செல்சுஸ்னு கிறிஸ்தவங்களை எதிர்த்து எழுதின ஒரு கிரேக்கர், ஆதாம் ஏவாள் கதையைக் கிழவிகளுக்குச் சொல்ற மூதோஸ்னு கிண்டல் அடிச்சாரு, அவரு எழுதினதுக்கெல்லாம் சேத்து ஒரிகன்ங்கிற கிறிஸ்தவ அறிஞர் எட்டு புத்தகம் பதில் எழுத வேண்டியதாச்சு. எல்லாரும் சேந்து கிழவியை இந்தப் பாடு படுத்துறாங்க, ஆனா 2 தீமோத்தேயு 1:5ஐத் திருப்பிப் பாருங்க, தீமோத்தேயுவோட விசுவாசம் முதல்ல யாருகிட்ட இருந்துச்சுன்னு, "உன் பாட்டியாகிய லோவிசாள்".