மெலிந்த புத்தகம் ஏன் கையை விடுவதில்லை?

ஆயிரம் பக்கக் காவியத்தைப் பாதியில் மூடி வைக்க முடிகிறது. வாளும் மந்திரவாதியும் வரும் நூறு பக்கச் சாகசக் கதையை மூட முடிவதில்லை, ஏன் என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். எதற்கெடுத்தாலும் மூளையில் சுரக்கும் டோபமைன் என்ற வேதிப்பொருள்தான் காரணம் என்று சொல்லிவிடுவது இப்போதைய வழக்கம். எனக்குப் பிடித்த விளக்கம் அதைவிடப் பழையது.

1920களில் பெர்லினில் உளவியலாளர் கர்ட் லெவினின் மாணவியாக இருந்தவர் மரியா ஒவ்சியான்கினா. ஆட்களை வரவழைத்துப் புதிர், சின்னச் சின்னக் கைவேலை என்று கொடுப்பார். அவர்கள் மும்முரமாகும் நேரம் பார்த்து நிறுத்திவிடுவார். பிறகு அவர்கள் போக்கில் விட்டுவிடுவார். முடித்துக் கொடு என்று யாரும் கேட்கவில்லை, பரிசும் கிடையாது. ஆனாலும் பெரும்பாலோர் விட்ட வேலையைத் தாமாகவே மீண்டும் கையில் எடுத்தார்கள்! ஆய்வு 1928இல் வெளிவந்தது. இன்று இதற்கு நிதி கேட்டால் 'நாட்டுக்கு என்ன பயன்?' என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதே குழுவின் ப்ளூமா ஸைகார்னிக், முடியாத வேலைதான் நினைவில் நிற்கும் என்றார். புகழ் அவருக்குப் போனது. ஆனால் அந்த முடிவு பிற்காலச் சோதனைகளில் நிலையாகத் தேறவில்லை. ஒவ்சியான்கினா கண்டது உறுதியாக நிற்கிறது.

இதனுடன் இன்னொன்று சேர வேண்டும். 1932இல் கிளார்க் ஹல் என்ற அமெரிக்க உளவியலாளர், எலி இரையை நெருங்க நெருங்க ஓட்டத்தைக் கூட்டும் என்றார். அதே ஆண்டு டிசம்பரில்தான் 'வியர்ட் டேல்ஸ்' என்ற அமெரிக்கக் கதை இதழில் ராபர்ட் ஹோவர்ட் எழுதிய சாகச நாயகன் கோனான் முதன்முதலாக வாளோடு வந்தான். அத்தகைய இதழ்களுக்கு மலிவான மரக்கூழ்த் தாள், எழுதுவோருக்குச் சொல் கணக்கில் கூலி. அந்த உலகின் எழுத்தாளர் லெஸ்டர் டென்ட் 6000 சொல் கதைக்கு ஒரு சூத்திரமே வகுத்தார்: 1500 சொற்களாக நான்கு துண்டு; ஒவ்வொன்றிலும் நாயகன் தலையில் புதிய தொல்லை, துண்டு முடியுமிடத்தில் ஒரு திருப்பம். ஒவ்சியான்கினா வேலையைப் பிடுங்கிய அதே தருணம்!

காவியத்திலும் திருப்பம் உண்டு. ஆனால் நானூறாம் பக்கத்தில் நிற்பவருக்கு முடிவு இன்னும் அறுநூறு பக்கம் தள்ளி. மெலிந்த புத்தகத்திலோ மீதி எவ்வளவு என்பது வலக்கைக் கட்டைவிரலுக்கே தெரிகிறது. இன்னும் இருபது தாள்தானே! எலியையும் வாசகரையும் இப்படி ஒரே தடத்தில் ஓடவிடுவது என் ஊகம்தான், ஆய்வகம் தந்த தீர்ப்பு அல்ல.

கேட்ட வாசகருக்குத் தூக்கம் வேண்டுமென்றால் அத்தியாய முடிவில் நிறுத்த வேண்டாம். அடுத்த அத்தியாயத்தின் இரண்டாம் பக்கத்தில், நாயகன் குழியிலிருந்து ஏறி மூச்சு வாங்குவான். அங்கே மூடலாம்.