999 ஆண்டுக் குத்தகை: நியூசிலாந்தின் பால் பண்ணை நாட்டில் குடியேறிகள் நிலமும் கருவியும் பெற்ற முறை

நியூசிலாந்தின் 1892-ஆம் ஆண்டு நிலச் சட்டம், அரசு நிலத்தில் பண்ணை அமைக்க முன்வந்த குடியேறிக்கு மூன்று வழிகளைக் கொடுத்தது. முழு விலையையும் செலுத்தி நிலத்தைக் கிரயம் செய்துகொள்ளலாம். பின்னர் வாங்கிக்கொள்ளும் உரிமையோடு 25 ஆண்டுகளுக்குக் குத்தகைக்கு எடுக்கலாம். அல்லது 999 ஆண்டுகளுக்குக் குத்தகைதாரராகவே இருந்துவிடலாம். மூன்றில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பது விண்ணப்பதாரரின் விருப்பம். வடதீவின் தரநாக்கி, வைக்காட்டோ போன்ற வட்டாரங்கள் பிற்காலத்தில் வெண்ணெய்க்கும் பாலாடைக்கட்டிக்கும் பெயர் பெற்றதில் இந்தச் சட்டத்துக்குப் பெரும் பங்கு உண்டு என்பதால், அதன் விதிகள் நடைமுறையில் எவ்வாறு இயங்கின என்பதை விரிவாகப் பார்ப்பது தகும்.

இச்சட்டத்தைக் கொண்டுவந்தவர் அன்றைய லிபரல் அரசின் நிலத்துறை அமைச்சர் ஜான் மெக்கென்சி. ஸ்காட்லாந்தின் மேட்டு நிலப் பகுதியில் பிறந்த அவர், நிலப்பிரபுக்கள் குடியானவர்களை ஊரைவிட்டே வெளியேற்றிய கொடுமைகளை அறிந்து வளர்ந்தவர். பெருநிலக்கிழார்கள் கையில் நிலம் குவியக் கூடாது என்ற அவருடைய பிடிவாதம் சட்டத்தின் அளவு வரம்புகளில் தெரிகிறது. முதல் தர நிலமானால் ஒருவர் 640 ஏக்கருக்கு மேலும், இரண்டாம் தர நிலமானால் 2,000 ஏக்கருக்கு மேலும் பெற முடியாது. 17 வயது நிரம்பிய எவரும் விண்ணப்பிக்கலாம். ஆனால் நிலம் தம் சொந்தப் பயன்பாட்டுக்கே என்று உறுதிமொழி எழுதித் தர வேண்டும். பணக்காரர்கள் பினாமி வைத்து நிலம் வளைத்த அனுபவம் அந்த நாட்டுக்கும் இருந்தது. ஒரே மனைக்கு ஒரே நாளில் பலர் விண்ணப்பித்தால், அதிக விலை கேட்டவருக்கு என்று இல்லாமல், குலுக்கல் முறையில் ஒருவரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஏலம் என்றால் பணமுள்ளவரே வெல்வார் என்பதை உணர்ந்து செய்த ஏற்பாடு இது.

ஏக்கருக்கு ஒரு பவுண்டு என்று விலை வைக்கப்பட்ட 100 ஏக்கர் முதல் தர நிலத்தை எடுத்துக்கொண்டால், மூன்று வழிகளுக்கும் உள்ள வேறுபாடு தெளிவாகும். ரொக்கமாக வாங்குபவர் விண்ணப்பத்தோடு ஐந்தில் ஒரு பங்கான 20 பவுண்டைக் கட்டி, மீதி 80 பவுண்டை 30 நாட்களுக்குள் செலுத்த வேண்டும். வாங்கும் உரிமையுடன் கூடிய குத்தகையில் ஆண்டு வாடகை நிலத்தின் விலையில் 5 சதவீதம், அதாவது 5 பவுண்டு. முதல் 10 ஆண்டுகள் நிபந்தனைகளை நிறைவேற்றிய பிறகு, விலையைக் கட்டி நிலத்தைத் தம் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம். 999 ஆண்டுக் குத்தகையில் வாடகை 4 சதவீதம், அதாவது ஆண்டுக்கு 4 பவுண்டு மட்டுமே. வாடகையை அரையாண்டுக்கு ஒருமுறை முன்கூட்டியே கட்ட வேண்டியிருந்ததால், இந்த மூன்றாம் வழியில் நுழைபவர் அளவிடப்பட்ட நிலத்துக்காக முதல் நாளில் கையிலிருந்து எடுத்துவைக்க வேண்டியது அரையாண்டு வாடகையான 2 பவுண்டும், குத்தகைப் பத்திரக் கட்டணமான 1 பவுண்டு 1 ஷில்லிங்கும்தான்.

இந்த 999 ஆண்டுக் குத்தகையில் இன்னொரு சலுகையும் இருந்தது; அரசின் பார்வையிலிருந்து நோக்கினால் அது ஒரு பெருந்தவறு என்றே சொல்லத் தோன்றுகிறது. வாடகையை இடையில் ஒருமுறைகூட மறுமதிப்பீடு செய்யச் சட்டத்தில் இடமில்லை. இரயில் பாதையும் சாலையும் பால் தொழிற்சாலையும் வந்து நிலத்தின் மதிப்பு பன்மடங்கு ஏறினாலும், குத்தகைதாரரின் பேரனுக்குப் பேரனும் அதே 4 பவுண்டைத்தான் கட்டுவார். குடியேறிக்கு இதைவிட இலாபமான ஒப்பந்தம் கிடைத்திருக்காது. இருந்தும் பலர் மனநிறைவு அடையவில்லை. அந்த வழியில் நிலத்தைக் கிரயம் செய்துகொள்ளும் உரிமை இல்லை என்பதே அவர்களுடைய குறை. 1907-இல் புதிய 999 ஆண்டுக் குத்தகைகள் நிறுத்தப்பட்டு, 66 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கத்தக்க குத்தகை வந்தது. 1912-இல் பதவிக்கு வந்த வில்லியம் மாஸியின் அரசு, பழைய 999 ஆண்டுக் குத்தகைதாரர்களும் நிலத்தைச் சொந்தமாக்கிக்கொள்ள வழிசெய்தது.

குறைந்த தொகையில் நிலம் கிடைத்ததே தவிர, அதைக் கையில் வைத்திருப்பது எளிதாக இல்லை. குத்தகைதாரர் முதல் ஆண்டுக்குள் நிலத்தின் விலையில் 10 சதவீத மதிப்புக்கும், இரண்டாம் ஆண்டுக்குள் மேலும் 10 சதவீதத்துக்கும், ஆறு ஆண்டுகளுக்குள் இன்னொரு 10 சதவீதத்துக்கும் மேம்பாட்டு வேலைகள் செய்திருக்க வேண்டும். அதற்கு மேல், அதே ஆறு ஆண்டுகளுக்குள் முதல் தர நிலத்தில் ஏக்கருக்கு ஒரு பவுண்டு மதிப்புக்கு மேம்பாடு காட்ட வேண்டும். நம் 100 ஏக்கர் எடுத்துக்காட்டில் இவை எல்லாம் சேர்ந்து 130 பவுண்டு ஆகின்றன. நிலத்தின் விலையே 100 பவுண்டுதான் என்பதை நினைவில் கொண்டால், அரசு குடியேறியிடம் எதிர்பார்த்தது பணத்தைவிட உழைப்பையே என்பது விளங்கும். குடியிருப்பு நிபந்தனையும் இருந்தது: திறந்த வெளி நிலமானால் ஓராண்டுக்குள்ளும், காடு அல்லது சதுப்பு நிலமானால் நான்கு ஆண்டுகளுக்குள்ளும் அங்கே குடியேறி, 999 ஆண்டுக் குத்தகையில் தொடர்ந்து 10 ஆண்டுகள் வசிக்க வேண்டும். தரநாக்கியின் உட்பகுதி அப்போது அடர்ந்த மழைக்காடு. மரங்களைக் குளிர்காலத்தில் வெட்டிச் சாய்த்து, கோடையின் இறுதியில் தீயிட்டு, சாம்பல் மீது புல் விதை தூவுவதே வழக்கம். முதல் மாடு மேய்வதற்கு முன் ஓராண்டேனும் வருமானமின்றிக் கழியும் என்பதால்தான், காட்டு நிலத்துக்குக் குடியிருப்புக் கெடு நீண்டதாக இருந்தது.

இந்த இடைக்காலத்துக்குத் தேவைப்பட்ட பணத்துக்காக வந்ததே 1894-ஆம் ஆண்டின் குடியேறிகளுக்கான அரசுக் கடன் சட்டம். நிதி அமைச்சர் ஜோசப் வார்டு கொண்டுவந்த இத்திட்டத்தின்படி, அரசு இலண்டன் சந்தையில் குறைந்த வட்டிக்குக் கடன் திரட்டி, அதை 5 சதவீத வட்டிக்குக் குடியேறிகளுக்குக் கொடுத்தது. 1895-இல் 3 சதவீத வட்டிக்கு 15 இலட்சம் பவுண்டு திரட்டப்பட்டது. குறைந்தபட்சக் கடன் 25 பவுண்டு, தொடக்கத்தில் உச்சவரம்பு 2,500 பவுண்டு. நிலம் சொந்தமானால் அதன் மதிப்பில் ஐந்தில் மூன்று பங்கு வரையும், குத்தகை நிலமானால் அதில் குத்தகைதாரருக்கு உள்ள உரிமையின் மதிப்பில் பாதி வரையும் கடன் கிடைத்தது. நிலத்தின் மீது வேறு அடமானம் முன்னதாக இருக்கக் கூடாது.

திருப்பிச் செலுத்தும் முறை எளிமையானது. கடனாகப் பெற்ற ஒவ்வொரு 100 பவுண்டுக்கும் அரையாண்டுக்கு 3 பவுண்டு வீதம் 73 தவணைகள், அதாவது 36½ ஆண்டுகள். ஆண்டுக்குக் கட்டும் 6 பவுண்டில் 5 பவுண்டு வட்டிக்கும் ஒரு பவுண்டு அசலுக்கும் என்று தொடங்கி, அசல் குறையக் குறைய வட்டியின் பங்கு சுருங்கிக்கொண்டே போகும். அசல் கேட்டு யாரும் திடீரென்று வாசலில் வந்து நிற்க மாட்டார்கள் என்ற நிம்மதிக்காகவே பலர் தனியார் அடமானத்திலிருந்து இதற்கு மாறினார்கள்.

ஆனால் இந்தச் சட்டம் ஈடாக ஏற்றது நிலத்தையும் அதன் மேல் நிலைத்திருக்கும் மேம்பாடுகளையும் மட்டுமே. கறவை மாடும், குதிரையும், வண்டியும், பால் கேன்களும், ஸ்வீடன்காரர் குஸ்தாவ் தெ லாவால் 1878-இல் உருவாக்கியதன் வழிவந்த பாலேடு பிரிக்கும் இயந்திரமும் அரசுக் கடனுக்கு ஈடாகாதவை. எனவே மாடும் கருவியும் வாங்கப் பணத்துக்கு வேறு இடம் தேட வேண்டியிருந்தது. கால்நடை முகவர்களும் ஊர்க் கடைக்காரர்களும், அசையும் சொத்தின் மீது ஈட்டுப் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு கடன் தந்தார்கள். தொடக்க காலத்தில் கடைக்காரர் குடியேறியின் வீட்டு வெண்ணெயை மலிவாகக் கணக்கில் எழுதிக்கொண்டு, அதற்கு ஈடாக மாவும் சர்க்கரையும் கொடுப்பார். ரொக்கம் கண்ணில் படாது.

தரநாக்கியில் அந்த வழக்கத்தை உடைத்தவர்களில் முக்கியமானவர், சீனாவின் குவாங்சோவிலிருந்து வந்த வணிகர் சூ சோங். வெட்டிச் சாய்த்த மரங்களில் முளைத்த காது வடிவக் காளானைக் குடியேறிகளிடம் ரொக்கம் கொடுத்து வாங்கிச் சீனாவுக்கு ஏற்றுமதி செய்தார். பால் வருமானம் தொடங்காத குடும்பங்களுக்கு அந்தக் காளான் காசே வாடகைக்கும் முதல் மாட்டுக்கும் உதவியது. பின்னர் 1887-இல் எல்தாம் ஊரில் வெண்ணெய்த் தொழிற்சாலை ஒன்றையும் தொடங்கினார். அதன் வெண்ணெய் 1889-இல் டனீடன் கண்காட்சியில் ஏற்றுமதிக்கான சிறந்த வெண்ணெய்க்குரிய வெள்ளிக் கோப்பையை வென்றது. இலங்கை வீடுகளில் பால்மாவாக அறியப்பட்ட 'அங்கர்' என்ற பெயரும் அதே காலத்தது. 1886-இல் வைக்காட்டோவில் ஹென்றி ரெனால்ட்ஸ் தம் வெண்ணெய்க்கு இட்ட பெயர் அது.

1882-இல் 'டனீடன்' என்ற கப்பல் உறைய வைத்த இறைச்சியை இலண்டனுக்குக் கொண்டுசேர்த்த பிறகு, வெண்ணெயும் கெடாமல் கடல் கடக்கலாம் என்பது உறுதியாயிற்று. அதன் பிறகு பண்ணையாளர்கள் கூட்டுறவு நிறுவனங்களை அமைத்துத் தொழிற்சாலைகளை எழுப்பினார்கள். பங்குத் தொகையை ஒரேயடியாகக் கட்ட இயலாதவருக்கு, அவர் கொடுக்கும் பாலின் பணத்திலிருந்து சிறிது சிறிதாகக் கழித்துக்கொள்வது வழக்கமாயிற்று. விலையுயர்ந்த பெரிய இயந்திரம் பொதுவாக அங்கே இருந்தது. பண்ணையாளர் தம் வீட்டுக்கு வாங்க வேண்டிய கருவிகள் குறைந்தன. பாலுக்கு மாதந்தோறும் காசோலை வரத் தொடங்கிய பின், அதையே நம்பி மாடு விற்பவரும் கடன் கொடுத்தார். நிலமே இல்லாதவர்கள், நம் வாரச் சாகுபடி போல, பிறர் பண்ணையில் பால் கறந்து வருமானத்தில் பங்கு பெற்று முதல் சேர்த்தார்கள். அந்த ஒப்பந்தங்களுக்கென்று 1937-இல் தனிச் சட்டமே வந்தது.

விண்ணப்பதாரர் கையில் கிடைத்த வரைபடத்தில் 'அரசு நிலம்' என்று குறிக்கப்பட்டிருந்த பகுதியின் முந்தைய வரலாற்றையும் சொல்லியாக வேண்டும். தரநாக்கியில் அந்த நிலத்தின் பெரும்பகுதி, 1863-ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கொண்டு 1865-இல் நாட்டின் பூர்வகுடிகளான மாவோரி மக்களிடமிருந்து பறிமுதல் செய்யப்பட்டது. பறிமுதலை ஆயுதமின்றி எதிர்த்த பரிஹாக்கா கிராமத்துக்குள் 1881 நவம்பர் 5 அன்று அரசுப் படை நுழைந்து, தெ ஃபிட்டி, தோஹு என்ற அதன் தலைவர்களைக் கைது செய்தது. மாவோரிகளுக்கென்று ஒதுக்கிய நிலமும் அவர்கள் வசம் விடப்படவில்லை. 1892-ஆம் ஆண்டின் இன்னொரு சட்டப்படி, பொது அறங்காவலர் அதை நிர்வகித்து, 21 ஆண்டுக்கு ஒருமுறை முடிவின்றிப் புதுப்பிக்கத்தக்க குத்தகையாகக் குடியேறிகளுக்கு வழங்கினார். அங்கே பால் பண்ணை வைத்தவர் உரிமையாளரின் சம்மதத்தைப் பெற வேண்டியதில்லை. புதுப்பித்தலை மறுக்கும் அதிகாரமும் உரிமையாளருக்கு இல்லை. இவ்வகைக் குத்தகைகளின் வாடகையைச் சந்தை மதிப்புக்குக் கொண்டுவர வழிசெய்த சட்டத்திருத்தம் 1997-இல்தான் நிறைவேறியது.