கேப்டன் ஒருவாட்டி அழுதார், அதோட சரியாயிட்டாராக்கும்?

"மேடம், எப்படியாவது எங்க அண்ணன அழ வச்சிருங்க. ஒருவாட்டி அழுதுட்டாருன்னா சரியாயிருவாரு."

இதைச் சொல்லிக்கொண்டு என் அறைக்கு வராத தம்பி கிடையாது, மச்சான் கிடையாது, சித்தப்பா கிடையாது. கடலில் ஏதோ நடந்து தப்பித்து வந்த ஆள் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருப்பார். கூட வந்தவர், அவருக்குக் காதே கேட்காது என்ற நினைப்பில், எனக்கு இப்படி ஆர்டர் கொடுப்பார். இத்தனை நாளும் பொறுமையாகத்தான் விளக்கிக்கொண்டிருந்தேன். சமீபத்தில் வந்த ஒரு கல்லூரிப் பையன் இதற்கு ஆதாரமாக ஒரு விண்வெளித் தொடரின் எபிசோடையே எடுத்து நீட்டினான். "இதுல பாருங்க மேடம், கேப்டனையே அவங்க அண்ணன் அழ வச்சுத்தான் சரி பண்ணுவாரு." எனக்கும் ரொம்பப் பிடித்த எபிசோடு அது, அதனால்தான் இவ்வளவு எரிச்சல்.

நான் மனநல ஆலோசகர். இதில் வரும் வீட்டு விவரங்கள் இரண்டு மூன்று குடும்பங்களைக் கலந்து, அடையாளம் மாற்றி எழுதியவை. 'இது நம்ம தெருவுல நடந்ததுல்ல' என்று யாரும் துப்பறியக் கிளம்ப வேண்டாம்.

தொடர் 'ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்', எபிசோடு 'ஃபேமிலி'. 1990 அக்டோபர் 1 அன்று வந்தது, நான்காவது சீசனில் இரண்டாவது. பார்க்காதவர்களுக்கு முன்கதை: போர்க் என்ற இயந்திர மனிதக் கூட்டம் கேப்டன் பிக்கார்டைத் தூக்கிக்கொண்டு போய், உடம்பில் கருவிகளைச் செருகி, அவர் மூளையில் இருந்ததை எல்லாம் உருவி, அவரை வைத்தே அவருடைய சொந்தப் படையை அடிக்கும். வுல்ஃப் 359 என்ற இடத்தில் நடக்கும் அந்தச் சண்டையில் 39 கப்பல்கள் போய்விடும். ஜூன் மாதம் சீசனை அந்தரத்தில் நிறுத்திவிட்டார்கள். ரசிகர்கள் செப்டம்பர் 24 வரை நகத்தைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார்கள், கேப்டன் மீண்டார், கைதட்டல். அந்தக் காலத்துத் தொடர்களில் அடுத்த வாரமே எல்லாம் பழையபடி ஆகிவிடும், புதுக் கிரகம், புதுச் சாகசம். இங்கே அடுத்த வாரம் வந்தது பிரான்ஸ் நாட்டுக் கிராமத்தில் ஒரு திராட்சைத் தோட்டம். கேப்டன் பல வருஷம் கழித்து அண்ணன் வீட்டுக்குப் போகிறார், முறைத்துக்கொள்கிறார்கள், சேற்றில் புரண்டு அடித்துக்கொள்கிறார்கள், சிரிக்கிறார்கள், சிரிப்பு அழுகையாகிறது. கப்பலின் கட்டளைத் தளத்தை ஒரு காட்சியில்கூடக் காட்டவில்லை. எல்லாருக்கும் செல்லமான ரோபோ அதிகாரி டேட்டா, அந்த ஆளையே காணோம்.

இந்த எபிசோடைப் பற்றிப் பேசச் சொன்னால் ரசிகர்கள் இரண்டாகப் பிரிவார்கள். ஒரு கூட்டம் "ஒண்ணுமே நடக்கலப்பா, ஸ்கிப் பண்ணிரு" என்னும். அந்தப் பையனின் ஹாஸ்டல் அறையில் பாதிப் பேர் இந்தக் கட்சியாம். இன்னொரு கூட்டம் இதைத் தலையில் தூக்கி வைத்து ஆடும்: "என்ன எபிசோடு! அழுதார் பாரு, அத்தோட மனசுல இருந்த பாரம் எறங்கிருச்சு."

முதல் கட்சியோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. சண்டை வேணும் என்று உட்கார்ந்தவனுக்குத் திராட்சைத் தோட்டம் போரடிக்கத்தான் செய்யும். ஆனால் அதே பையன்கள் வீட்டிலும் அதையே சொல்கிறார்கள், "அதான் உசுரோட வந்துட்டார்ல, அப்புறம் என்ன?" என்று. உயிரோடு வந்த பிறகுதான் எல்லாமே ஆரம்பிக்கிறது என்பதைச் சொல்லத்தான் ஒரு முழு எபிசோடை ஒதுக்கினார்கள். ஆம்பள அழலாமா என்பவர்களுக்குப் பதில் சொல்லி நேரத்தை வீணாக்கப் போவதில்லை.

எனக்குத் தலைவலியே இரண்டாவது கட்சிதான். நல்ல மனசுக்காரர்கள், அக்கறையானவர்கள், அதனாலேயே ஆபத்தானவர்கள். அழுகை என்பது உள்ளே கட்டி நிற்கும் சீழ் மாதிரி, கீறிவிட்டால் வடிந்துவிடும், மறுநாள் ஆள் பழையபடி மீன்பிடி போட்டுக்குப் போவார் என்று நம்புகிறார்கள். அப்படி இல்லவே இல்லை. அழுதால் சிலருக்குக் கொஞ்சம் லேசாக இருக்கும், சிலருக்கு அன்று ராத்திரி இன்னும் மோசமாக இருக்கும், சிலர் ஒரு சொட்டுக்கூட விடாமலேயே முழுசாகத் தேறியிருக்கிறார்கள். ஒருவர் தேறுகிறாரா என்று பார்க்க நான் கண்ணீரை அளப்பதில்லை. தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, பிள்ளைகள் மேல் எரிந்து விழுவது குறைந்திருக்கிறதா, முன்பு ஒதுங்கிப் போன இடத்துக்கு இப்போது போகிறாரா, இதைத்தான் கேட்பேன். சம்பவம் நடந்த கையோடு ஆளை உட்கார வைத்து ஒன்றுவிடாமல் சொல்ல வைக்கிற முறை ஒரு காலத்தில் எங்கள் துறையிலேயே இருந்தது. ஆய்வு செய்து பார்த்தார்கள். பலன் இல்லை, சிலருக்குக் கூடுதல் கெடுதல் என்று தெரிந்ததும் கைவிட்டார்கள். படித்தவர்களே விட்டுவிட்டதை நீங்கள் ஏன் வீட்டுத் திண்ணையில் செய்கிறீர்கள்?

சரி, தொடரையே சாட்சிக்குக் கூப்பிடுவோம். சேற்றில் அழுத தம்பியிடம் அந்த அண்ணன் ராபர்ட் என்ன சொல்கிறார்? முடிந்தது, போ என்றா? இது ரொம்ப காலம் உன் கூடவே இருக்கும், அதோடு வாழப் பழகிக்கொள் என்கிற மாதிரிதான் சொல்கிறார். கொண்டாடுகிறவர்கள் இந்த ஒரு இடத்தில் மட்டும் தூங்கிவிடுகிறார்களா என்று தெரியவில்லை. 1992-ல் வந்த இன்னொரு எபிசோடில் அடிபட்ட ஒரு சின்னப் போர்க் பையன் கையில் கிடைத்ததும், அவனை வைத்தே அந்த இனத்தை ஒட்டுமொத்தமாக அழித்துவிடலாமா என்று யோசிக்கிற அளவுக்கு நம் கேப்டன் இறுகிப்போய் இருப்பார். 1996-ல் வந்த திரைப்படத்தில், கதைப்படி ஆறு வருஷம் கழித்து, போர்க் திரும்பி வந்ததும் வெறி ஏறிக் கையில் இருந்த துப்பாக்கியாலேயே கண்ணாடிப் பேழையை அடித்து நொறுக்குவார். அன்றைக்கு அழுததோடு எல்லாம் வடிந்துபோயிருந்தால் இது எங்கிருந்து வந்தது?

இப்போது அந்தப் பையனின் அண்ணனுக்கு வருகிறேன். போட்டு டிரைவர். காற்று மாறிய ஒரு ராத்திரியில் போட்டு மூழ்கி, விடிய விடிய ஐஸ்பெட்டியைப் பிடித்துக்கொண்டு மிதந்து, வேறு படகுக்காரர்கள் தூக்கிக் கரை சேர்த்த ஆள். கூடப் போனவர்களில் ஒருவர் திரும்பவில்லை. தூரத்தில் போன ஒரு படகைப் பார்த்துக் கையில் மிஞ்சிய டார்ச்சை அடித்து அடித்துக் கத்தியிருக்கிறார்கள், அது பார்க்காமலேயே போய்விட்டது. பல வாரம் கழித்து வீட்டில் கரண்ட் போன நேரம், மதினி தீப்பெட்டி தேட செல்போன் டார்ச்சைப் போட்டிருக்கிறார். வெளிச்சம் முகத்தில் பட்டதும் மனுஷன் பாயிலிருந்து துள்ளி எழுந்து, இரண்டு கையையும் மேலே வீசி வீசிக் கூப்பாடு போட்டிருக்கிறார். பிள்ளை மிரண்டு அழுதிருக்கிறது. தம்பி இதை என்னிடம் "ஒரு மாதிரி ஆக்ட் பண்ணாரு மேடம்" என்று சொன்னான். ஆக்டிங் இல்லை தம்பி. அந்த நிமிஷம் அவர் வீட்டிலேயே இல்லை.

அதைவிட முக்கியமான ஒன்றை அவன் போகிற போக்கில் சொன்னான். அண்ணன் இப்போது கடற்கரைக்கு நேர் வழியில் போவதில்லை, சுற்றிக்கொண்டுதான் போகிறாராம். ஏன்? நேர் வழியில் போனால், திரும்பி வராதவரின் அம்மா வாசலில் உட்கார்ந்திருப்பார். இதற்கும் அந்தத் தொடரில் இடம் உண்டு. 1993-ல் தொடங்கிய அடுத்த தொடரின் முதல் கதையில், வுல்ஃப் 359-ல் மனைவியைப் பறிகொடுத்த சிஸ்கோ என்ற அதிகாரி பிக்கார்டை நேருக்கு நேர் சந்திப்பார். நாம் முன்னாடியே சந்தித்திருக்கிறோம், அந்தப் போர்க்களத்தில், என்று நறுக்கென்று சொல்வார். அப்போது பிக்கார்ட் முகத்தைப் பாருங்கள். பல ரசிகர்களுக்கு சிஸ்கோ மேல் கோபம் வரும், 'அவர் என்ன வேணும்னேவா செஞ்சாரு' என்று. அந்த அம்மாவின் பார்வையையும் அப்படித்தான் திட்டுகிறார்கள். இரண்டு பேருக்குமே ஆறுதல் வேண்டும், யாரையும் குற்றவாளியாக்க வேண்டியதில்லை. ஆனால் தப்பித்தவரின் மனசில் 'நான் மட்டும் ஏன்' என்ற கேள்விதான் அலையைவிடப் பெரிசாக நிற்கும். அதை அழுகையால் கரைக்க முடியாது, பல நாள் உட்கார்ந்து பேசித்தான் பிரிக்க வேண்டும்.

ராபர்ட் பற்றியும் ஒரு வார்த்தை. அவர் தம்பியைச் சீண்டிச் சீண்டித்தான் உடைய வைக்கிறார், ரசிகர்கள் அதை 'வைத்தியம்' என்கிறார்கள். அங்கே கதாசிரியர் இருக்கிறார், அடுத்த வசனத்தில் அழுகை வரும் என்று அவருக்குத் தெரியும். இங்கே சீண்டினால் அடுத்து வருவது மாவுக்கட்டு. அந்த எபிசோடின் தொடக்கத்தில் பிக்கார்ட் கப்பலின் ஆலோசகர் டிராயிடம், கெட்ட கனவெல்லாம் நின்றுவிட்டது, நன்றாகத்தான் இருக்கிறேன் என்பார். டிராய் நம்ப மாட்டார், ஆனால் நோண்டவும் மாட்டார், போய்விட்டு வாங்கள் என்று விடுவார். எனக்குப் பிடித்த வைத்தியம் அதுதான். (ஆலோசகருக்குக் கேப்டன் பக்கத்திலேயே நாற்காலி போட்ட தொடர் அது. எங்களுக்கெல்லாம் ஸ்டோர் ரூமை ஒட்டி ஓர் அறையும் ஓடுகிற ஃபேனும் கிடைத்தாலே பெரிய விஷயம்.)

அப்போ என்னதான் செய்வது? முதல் சில வாரம் தூக்கம் கெடும், கனவு வரும், சத்தம் கேட்டால் திடுக்கிடும், எரிச்சல் வரும். நிறையப் பேருக்கு இது தானாகவே குறையும். அதுவரை கூட இருங்கள். சாப்பிட வையுங்கள், ராத்திரி ஒரு விளக்கு எரியட்டும். அவர் பேச வந்தால் கையில் இருக்கும் போனைக் கீழே வைத்துவிட்டுக் கேளுங்கள். பேசவில்லையா, விடுங்கள். வருகிற சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் முதலிலிருந்து கதை சொல்ல வைக்காதீர்கள், அதை வீடியோ எடுக்கவே எடுக்காதீர்கள். ஒரு மாதம் தாண்டியும் அதே கனவு, அதே நடுக்கம், அந்த இடத்தை ஒதுக்குவது, யாரோடும் ஒட்டாமல் இருப்பது தொடர்ந்தால் கூட்டி வாருங்கள். பி.டி.எஸ்.டி. (பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு வரும் மனநலக் கோளாறு) என்று நாங்கள் சொல்வது அதைத்தான், அதற்குப் பேச்சு சிகிச்சையும் இருக்கிறது, மருந்தும் இருக்கிறது. 'நான் இருந்து என்ன பிரயோஜனம்' என்று ஒரு வார்த்தை வந்தால் மாதக் கணக்கெல்லாம் பார்க்காதீர்கள், அன்றைக்கே வாருங்கள், ஆளைத் தனியாக விடாதீர்கள். ராத்திரியாக இருந்தால் 14416 டெலி மானஸ் (அரசு மனநல உதவி எண்), இல்லை 104 (அரசு சுகாதார உதவி எண்). காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

மெடிக்கலில் கேட்டுத் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுக்கும் வழக்கத்தை இன்றோடு நிறுத்துங்கள். சம்பவம் நடந்த முதல் மாதத்தில் அந்த வகை மாத்திரையை இதற்காகத் தர வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. குவார்ட்டரும் அதே கதைதான், தூங்க வைத்துவிட்டு நடுச்சாமத்தில் எழுப்பி உட்கார வைக்கும். 'கடலுக்குக் கூட்டிட்டுப் போயித் தள்ளிவிட்டா பயம் தெளியும்' என்கிறவர்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன், தயவுசெய்து வேண்டாம். கடலுக்குத் திரும்பத்தான் வேண்டும், ஆனால் படிப்படியாக. முதலில் கரையில் நிற்கட்டும், கட்டிக்கிடக்கும் போட்டில் ஏறி உட்காரட்டும், பிறகு பகல் நேரத்தில் நாட்டுப்படகில் கரையோரமாக ஒரு சுற்று. போட்டுக்காரரிடம் அட்வான்ஸ் வாங்கிய வீட்டில் 'ஓய்வெடுங்க' என்று எழுதிக் கொடுத்தால் என்னை ஏற இறங்கப் பார்ப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் வலை கட்டுவது, ஏலக்கூட வேலை என்று கரையில் ஏதாவது கிடைக்குமா என்று போட்டுக்காரரிடமே பேசச் சொல்கிறேன். மனசு வைத்துச் செய்தவர்களும் இருக்கிறார்கள்.

ஏர்வாடிக்குக் கூட்டிப் போகிறீர்களா, போங்கள், துவா செய்யுங்கள், நான் தடுக்கவில்லை. தர்காவிலேயே மருந்தும் துவாவும் சேர்ந்து கிடைக்கிற ஏற்பாடு உண்டு, அங்கேயே டாக்டரைப் பாருங்கள். ஆனால் யாரையும் எங்கேயும் கட்டி வைக்காதீர்கள். 2001 ஆகஸ்ட் 6 விடிகாலையில் அந்த ஊரில் ஒரு தனியார் காப்பகக் கொட்டகை தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் ஓட வழியில்லாமல் செத்துப்போனது நம்ம ராமநாதபுரம் மாவட்டத்தில்தான் நடந்தது. 2017 மனநலச் சட்டப்படி சங்கிலி போடுவதே குற்றம்.

வரும்போது சாப்பிட்டுக்கொண்டிருக்கும் மாத்திரை அட்டை எல்லாவற்றையும் எடுத்து வாருங்கள், மெடிக்கலில் வாங்கியதையும் மறைக்காமல். மதினியும் வந்தால் நல்லது, ராத்திரி நடப்பது அவருக்குத்தான் தெரியும். தம்பிமார்கள் வெளியே பெஞ்சில் உட்காருங்கள், தேவைப்பட்டால் நானே கூப்பிடுவேன்.