விளைக்கு நடுவே மின்கோபுரம் வருகிறதா? கையெழுத்துப் போடும் முன் படியுங்கள்

குமரி மாவட்டத்து முப்பந்தல், ஆரல்வாய்மொழி காற்றாலை மின்சாரம் வெளியூர் போக உயரழுத்த மின்பாதை வேண்டும். அதில் தகராறு இல்லை. கோபுரத்துக்கு இடம் கொடுத்தவரை அலையவிடுவதுதான் பொறுக்க முடியவில்லை.

நிலம் உங்கள் பெயரிலேயே தொடரும், கையகப்படுத்த மாட்டார்கள். அதைச் சாக்காக வைத்தே "பயிருக்கு மட்டும்தான் பணம்" என்று திருப்பி அனுப்புகிறார்கள். நம்பாதீர்கள். 66 கிலோவோல்ட்டும் அதற்கு மேலும் செல்லும் கோபுரப் பாதைகளுக்கு மத்திய மின் அமைச்சகத்தின் 2024 ஜூன் வழிகாட்டுதல் சொல்வது: கோபுரம் நிற்கும் இடத்துக்கு நில மதிப்பில் 200 சதவீதம், கம்பிப் பாதைக்குக் கீழே உள்ள நிலத்துக்கு 30 சதவீதம். 2025 மார்ச்சில் இந்த 30, நகராட்சிப் பகுதிக்கு 45 ஆகவும் மாநகராட்சிப் பகுதிக்கு 60 ஆகவும் ஆனது. பயிருக்கும் மரத்துக்கும் தனி. ஆனால் இதை ஏற்பதும் மாற்றுவதும் மாநில அரசின் கையில். ஆகவே "எந்த ஆணைப்படி கணக்குப் போட்டீர்கள்?" என்று எழுத்தில் கேளுங்கள். வாய்ப்பதிலோடு எழுந்து வராதீர்கள்.

கோபுர இடம் என்பது நாலு காலுக்கும் உட்பட்ட பரப்பு, அதைச் சுற்றி ஒரு மீட்டர். கான்கிரீட்டை மட்டும் அளந்தால் விடாதீர்கள்.

பெரிய பொறி பட்டாதான். தாத்தா பெயரில் பட்டா, கையில் திருவிதாங்கூர் காலத்து மலையாள ஆதாரம் (பத்திரம்), பாகப்பிரிவினை வாய்ப்பேச்சில். இப்படி இருந்தால் வி.ஏ.ஓ., தாலுகா ஆபீஸ், மறுபடி வி.ஏ.ஓ. என்று செருப்புத் தேயும். சர்வேயர் குறிக்கல் நட்ட அன்றே வாரிசுச் சான்றுக்கும் பட்டா மாறுதலுக்கும் மனுப் போடுங்கள்.

பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, வாழை வைத்தவர்களைத்தான் அதிகம் ஏமாற்றுகிறார்கள். தோவாளைப் பக்கம் ஒருவருக்குக் குலை தள்ளிய வாழை போனது, பணம் நில உடமஸ்தருக்குப் போனது. மின்பாதைக்கும் பொருந்தும் 1885 தந்திச் சட்டத்தின் 10ஆம் பிரிவு, பாதிக்கப்பட்ட உரிமையுள்ள எல்லாருக்கும் முழு இழப்பீடு என்கிறது. பாட்டச்சீட்டை எழுதி வாங்கி வையுங்கள், அடங்கலில் (வி.ஏ.ஓ.வின் பயிர்ப் பதிவேட்டில்) பயிரை ஏற்றச் சொல்லுங்கள்.

ரப்பரை வெட்டும் முன் மகஜர், அதாவது இடத்திலேயே பார்த்து எழுதும் பதிவு, எழுத வேண்டும். பால்வெட்டு நடக்கும் மரமா, வயது என்ன, சுற்றளவு எவ்வளவு என்பதெல்லாம் அதில் வரவேண்டும். வெட்டுப்பட்டையும் பால் வடியும் சிரட்டையும் தெரிய ஒவ்வொரு மரத்தையும் போட்டோ எடுங்கள். மரம் சாய்ந்தபின் அது வெறும் விறகுக் கணக்குதான். வெற்றுத்தாளில் கையெழுத்து வேண்டவே வேண்டாம்.

தொகை குறைவென்றால் "ஆட்சேபத்துடன் பெறுகிறேன்" என்று எழுதி வாங்குங்கள். திங்கள்கிழமை நாகர்கோவில் கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் மனுக் கொடுத்து ரசீது வாங்குங்கள். அங்கும் நகராவிட்டால் அதே சட்டத்தின் 16(3) பிரிவில் மாவட்ட நீதிபதியிடம் போகலாம். மகஜர் நகலும் போட்டோவும் அங்கேதான் கைகொடுக்கும்.