மேலிருந்து கீழே வருகிறது, கீழிருந்து மேலே ஏன் போகவில்லை?

காட்பாடி காந்தி நகரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். கீழ்த்தளத்தில் அவருடைய போட்டோ ஸ்டூடியோ, மாடியில் வீடு. ஆல்பம் வடிவமைக்கும் மகள், கீழ்க் கணினியின் எண் முகவரியைத் தட்டி, கல்யாணப் படங்களை மாடிக்கு எடுத்துக்கொள்கிறார். முடித்த ஆல்பத்தைக் கீழேயிருந்து எடுக்கப் போனால் மாடிக் கணினி திறப்பதே இல்லை. இரண்டிலும் இணையம் நன்றாக வருகிறது. பழுது பார்க்க வந்தவர் "ஃபார்மேட் அடிச்சா சரியாயிடும்" என்றாராம்.

தயவுசெய்து அடிக்காதீர்கள். காரணம் தெரியாமல் ஃபார்மேட் அடிப்பது, காய்ச்சலுக்கு மந்திரிக்கப் போவதைப் போன்றதுதான். நம் ஊரில் எத்தனையோ குடும்பங்களின் படங்கள் அப்படித்தான் அழிந்திருக்கின்றன.

நான் அவரிடம் ஒன்றுதான் கேட்டேன்: மாடியில் இன்னொரு ரவுட்டர் இருக்கிறதா? இருக்கிறது. வைஃபை மேலே எட்டவில்லை என்று ஒன்றை வாங்கி, கீழ் ரவுட்டரிலிருந்து கேபிள் இழுத்து மாட்டியிருக்கிறார். சிக்கல் அங்கேதான்.

ஒரு கணினி இன்னொன்றுக்கு எதையாவது அனுப்பும் முன், 'இவர் என் தெருவா, வேறு தெருவா?' என்று பார்க்கும். அதன் முகவரி 192.168.1.5 என்று வைத்துக்கொள்வோம். கூடவே 255.255.255.0 என்று ஒரு முகமூடி எண் இருக்கும். இரண்டையும் இரும எண்ணாக்கி, இலக்கத்துக்கு இலக்கம் பெருக்குகிறது. 255 என்பது எட்டு 1. அதன் கீழ் வருவது அப்படியே நிற்கும். 0 என்பது எட்டு 0. அதன் கீழ் வருவது அழிந்துபோகும். மிஞ்சுவது 192.168.1.0. இதுதான் தெருவின் பெயர். எதிராளியின் முகவரியையும் இதே மாதிரி பெருக்கிப் பார்த்து, விடை ஒன்றாக இருந்தால் ஒரே தெரு.

ஒரே தெரு என்றால் அடுத்து நடப்பது எனக்கு மிகவும் பிடித்தது. கணினி கூவுகிறது! கொசப்பேட்டைச் சந்தில் நின்று வீடு விசாரிப்பதைப் போல, "192.168.1.7 யாருங்க? நான் 192.168.1.5, என் அட்டை எண் இது" என்று எல்லோருக்கும் கேட்கும்படி ஒரு கேள்வி. ஏனென்றால் கேபிளிலும் வைஃபையிலும் தகவல் போய்ச் சேர, நெட்வொர்க் அட்டையில் பதிந்திருக்கும் 48 பிட் எண், அதாவது 0, 1 மட்டுமே கொண்ட 48 இலக்க எண் தேவை. அது இன்னும் தெரியாது. அதனால் கேள்வியைப் பெறுபவர் என்ற இடத்தில் 48 பிட்டிலும் 1 போட்டு அனுப்புகிறது. அதற்கு 'எல்லோரும்' என்று பொருள். டிவி கேட்கும், போன் கேட்கும். தன்னை அழைக்கவில்லை என்று விட்டுவிடும். 192.168.1.7 மட்டும், கேட்டவருக்கு மட்டும், மெதுவாகத் தன் அட்டை எண்ணைச் சொல்லும். இன்னொரு அழகு: கேள்வியிலேயே கேட்டவரின் எண்ணும் இருப்பதால், பதில் சொல்பவர் அதையும் குறித்துக்கொள்கிறார். ஒரே கூவலில் இருவருக்கும் அறிமுகம் முடிந்தது. ஏஆர்பி என்ற இந்த ஏற்பாட்டை டேவிட் பிளம்மர் 1982இல் எழுதிவைத்தார். இன்றும் நம் வீட்டில் அதுவே ஓடுகிறது.

வேறு தெரு என்றால் கூவல் கிடையாது. பொட்டலத்தை ரவுட்டரிடம் கொடுத்துவிடும். ரவுட்டர் பாலாற்றுப் பாலம் மாதிரி. வண்டி போகும், வேலூர்க் கரையில் கூவினால் காட்பாடிக் கரையில் கேட்காது.

இப்போது அவர் வீட்டைப் பாருங்கள். கீழே 192.168.1 தெரு. மாடி ரவுட்டர் 192.168.0 என்று தனித் தெரு போட்டுவிட்டது. மகள் கேட்கும்போது மாடி ரவுட்டர் தன் பெயரில் கீழே போய் வாங்கி வந்து கொடுக்கிறது. கீழேயிருந்து அப்பா கேட்டால், கேள்வி கீழ் ரவுட்டருக்குப் போகிறது. அதற்கு 192.168.0 என்ற தெருவே தெரியாது, வெளியே தள்ளிவிடுகிறது. மாடிக்குப் போய்ச் சேரவே இல்லை.

சரி, வேலை சின்னதுதான். முதலில் மாடி ரவுட்டரின் அமைப்புக்குள் போய், முகவரி வழங்கும் டிஹெச்சிபியை நிறுத்துங்கள். பிறகு 'வான்' துளையில் இருக்கும் கேபிளை எடுத்து 'லேன்' துளையில் செருகுங்கள். 'ஆக்சஸ் பாயிண்ட்' என்று ஒரு முறை இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்தாலே போதும். அப்புறம் மாடிக் கணினியை அணைத்துப் போடுங்கள். இனி கீழ் ரவுட்டரிடமிருந்தே, 192.168.1 தெருவில் புது முகவரி வாங்கிக்கொள்ளும். விண்டோஸில் நெட்வொர்க்கை 'பிரைவேட்' ஆக்கி, ஆல்பம் இருக்கும் ஃபோல்டரைப் பகிருங்கள். பெயரும் கடவுச்சொல்லும் கேட்டால் மாடிக் கணினியின் கணக்கில் உள்ளவற்றைக் கொடுக்க வேண்டும்; திரை திறக்கும் நாலு இலக்க பின் செல்லாது.

கீழ்க் கணினியில் ஆல்பம் திறந்ததும், 'கமாண்ட் பிராம்ப்ட்' என்ற கட்டளைத் திரையில் ஆங்கிலத்தில் ஏ, ஆர், பி, ஓர் இடைவெளி, ஒரு சிறு கோடு, மறுபடி ஏ என்று தட்டிப் பாருங்கள். கூவலுக்குப் பதில் சொன்னவர்களின் பட்டியல் வரும். அதில் மகளின் கணினியும் தன் 48 பிட் எண்ணோடு இருக்கும்.