யூஎஸ்பி போர்ட் எடுக்கவில்லை என்றால் ஃபார்மட் செய்யாதீர்கள்

சென்ற வாரம் கோத்தகிரிக்கு அருகிலுள்ள ஒரு கிராமத்திலிருந்து, சிறு விவசாயிகளிடம் பசுந்தேயிலை வாங்கித் தொழிற்சாலைக்கு அனுப்பும் ஒருவர், தம் மடிக்கணினியைத் துண்டில் சுற்றிப் பழுதுபார்க்க என்னிடம் கொண்டுவந்தார். யார் எந்தத் தேதியில் எத்தனை கிலோ இலை கொடுத்தார், யாருக்கு எவ்வளவு முன்பணம் போயிருக்கிறது என்ற இரண்டு ஆண்டுக் கணக்கு அதில் இருந்தது. முந்தைய நாள் வரை இருந்தது. பென் டிரைவ் எதுவும் எடுக்காமல் போகவே, "விண்டோஸ் கெட்டுப்போச்சு, ஃபார்மட் பண்ணினா சரியாயிடும்" என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னதைக் கேட்டு, விண்டோஸிலேயே உள்ள ரீசெட் வசதியைக் கொண்டு அனைத்தையும் அழித்துவிட்டார்கள். அழித்த பிறகும் மூன்று போர்ட்டுகளும் எடுக்கவில்லை. நான் டார்ச் அடித்துப் பார்த்தபோது, இடப்பக்கப் போர்ட்டின் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் நாக்கு உடைந்து, அதிலிருந்த உலோகப் பின் ஒன்று வளைந்து வெளிக்கூட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. அந்தப் பின்னை விலக்கியதும் மற்ற இரண்டு போர்ட்டுகளும் வேலை செய்தன. கணக்கு மட்டும் திரும்பவில்லை. உள்ளே இருந்தது எஸ்எஸ்டி எனப்படும் சிப் வகைச் சேமிப்பகம். அழித்த இடங்களை அது தானே துடைத்துவிடும் என்பதால் மீட்பு மென்பொருள்களாலும் பயனில்லாமல் போயிற்று.

இந்த மழைக்காலத்தில் இப்படி வந்தவர்களில் இவர் ஐந்தாவது ஆள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

போர்ட் வேலை செய்யாததற்கும் விண்டோஸுக்கும் தொடர்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. டிரைவர், அதாவது கருவியை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருள், குழம்பிப் போர்ட் நின்றுபோவது உண்டு. ஆனால் அதைச் சரிசெய்ய ஒருபோதும் ஃபார்மட் தேவைப்படுவதில்லை. கணினியிலுள்ள கருவிகளின் பட்டியலைக் காட்டும் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, யூஎஸ்பி கன்ட்ரோலர் பகுதியில், போர்ட்டுகளையெல்லாம் இணைக்கும் ரூட் ஹப்பை அன்இன்ஸ்டால் செய்துவிட்டு ரீஸ்டார்ட் கொடுத்தால், விண்டோஸ் அதைப் புதிதாகக் கண்டுபிடித்து நிறுவிக்கொள்ளும். அதே ரூட் ஹப்பின் பண்புகளில், மின்சாரத்தைச் சேமிப்பதற்காக இந்தச் சாதனத்தை அணைக்கலாம் என்ற அனுமதியில் இருக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள். ரீஸ்டார்ட் என்று நான் சொல்வது ரீஸ்டார்ட்டைத்தான். ஷட் டவுன் செய்து மறுபடி ஆன் செய்வதை அல்ல. விரைவாக ஆன் ஆவதற்கான ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதி இயங்கும் கணினியில் ஷட் டவுன் செய்தாலும் விண்டோஸ் டிரைவர்களின் நிலையைச் சேமித்துவைத்து மறுபடி அப்படியே எடுத்துக்கொள்வதால், குழம்பிய டிரைவர் குழம்பிய நிலையிலேயே திரும்பிவரும். பத்து முறை அணைத்துப் போட்டுப் பார்த்தேன் என்று சொல்பவர்களில் பெரும்பாலோர் ஒருமுறைகூட ரீஸ்டார்ட் செய்திருப்பதில்லை.

பழுது விண்டோஸிலா கருவியிலா என்று வீட்டிலேயே ஓரளவு கண்டுபிடிக்கலாம். பெரும்பாலான மடிக்கணினிகளில் திரைக்கு மேலுள்ள கேமராவும், பல கணினிகளில் புளூடூத்தும் உள்ளுக்குள் யூஎஸ்பி வழியாகவே இணைக்கப்பட்டிருக்கின்றன. கேமரா நன்றாக வேலை செய்து, பக்கவாட்டுப் போர்ட்டுகள் மட்டும் எடுக்கவில்லை என்றால், போர்ட்டுகளை இயக்கும் கன்ட்ரோலர் சிப்பையும் விண்டோஸையும் சந்தேகிப்பதற்கு முன் போர்ட்டையும் அதற்குச் செல்லும் மின்சாரத்தையும் பாருங்கள். யூஎஸ்பி 2.0 போர்ட் 500 மில்லி ஆம்பியரும், 3.0 போர்ட் 900 மில்லி ஆம்பியரும் தருவதற்காக வகுக்கப்பட்டவை. அதற்கு மேல் இழுத்தாலோ உள்ளே ஷார்ட் ஆனாலோ பாதுகாப்புச் சுற்று மின்சாரத்தைத் துண்டித்துவிடும். அதே மின்வழியைப் பகிரும் பக்கத்துப் போர்ட்டுகளும் சேர்ந்து அணைந்துவிடும். அந்த இலைக் கணக்குக்காரருக்கு நடந்தது இதுதான். குளிருக்காகக் கையுறை, கால்மெத்தை, டீக்கோப்பை என்று யூஎஸ்பியில் சூடேற்றும் பொருள்களையெல்லாம் மடிக்கணினியில் செருகுகிறீர்கள். அவற்றைச் சுவரில் மாட்டும் ஃபோன் சார்ஜரில் செருகுங்கள். ஏற்கெனவே துண்டிக்கப்பட்டிருந்தால், எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு, கணினியை அணைத்து, சார்ஜரை எடுத்துவிட்டு, பவர் பொத்தானை முப்பது வினாடி அழுத்திப் பிடித்த பிறகு ஆன் செய்து பாருங்கள். பாதிப் பேருடைய சிக்கல் இங்கேயே தீர்ந்துவிடுகிறது.

நீல நிறப் போர்ட்டில் (பெரும்பாலும் அது 3.0) மட்டும் பென் டிரைவ் எடுக்கவில்லை என்றால், அதை மெதுவாகச் செருகிப் பாருங்கள். 3.0 போர்ட்டில் பழைய 2.0-க்கான நான்கு பின்களும், அவற்றோடு புதிதாக ஐந்து பின்களும் இருக்கின்றன. மெதுவாகச் செருகும்போது பழைய பின்கள் முதலில் தொட்டுவிடுவதால் பென் டிரைவ் 2.0 வேகத்தில் எடுத்துக்கொள்ளும். அப்படி எடுத்தால் அந்த ஐந்து பின்களில் அழுக்கோ, துருப்போன்ற அரிப்போ இருக்கக்கூடும்.

அரிப்பு நம் மலையின் தனிச் சிக்கல். ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமும் அதையடுத்து வரும் வடகிழக்குப் பருவமும் ஆண்டின் பாதியை ஈரத்திலேயே வைத்திருக்கின்றன. பனியில் பயணம் செய்து குளிர்ந்துபோன கணினியை அடுப்பு எரியும் சமையலறைக்குக் கொண்டுவந்து உடனே திறந்தால், உலோகத்தின்மேல் நீர் முத்து முத்தாகப் பூத்துவிடும். ஈரமான பின்களில் மின்சாரமும் ஓடினால் அரிப்பு பல மடங்கு விரைந்து நடக்கும். கணினி அணைந்திருக்கும்போதும் ஃபோனை சார்ஜ் ஏற்றும் போர்ட்டுகளில் 5 வோல்ட் நின்றுகொண்டே இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். வெளியிலிருந்து வந்ததும் கணினியைப் பையிலேயே மூடி ஒரு மணி நேரம் வைத்து, அறையின் சூட்டுக்கு வந்த பிறகு ஆன் செய்யுங்கள். அடுப்போரம் வைத்துக் காயவைக்காதீர்கள். ஹேர் டிரையரையும் காட்டாதீர்கள். அரிசி மூட்டைக்குள் புதைத்துக் கொண்டுவந்த ஒரு கணினியின் போர்ட்டிலிருந்து நான் குருணையைப் பொறுக்கி எடுத்திருக்கிறேன். பின்களில் பச்சையாகவோ வெள்ளையாகவோ பொடி தெரிந்தால், கணினியை முழுவதும் அணைத்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்த மெல்லிய தூரிகையால் துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகே எதையும் செருகுங்கள். ஊசி, ஊக்கு, ஹேர்பின் எதையும் உள்ளே விடக்கூடாது. அந்த இலைக் கணக்குக்காரர் வீட்டுப் பையன், உள்ளே சிக்கிய தூசியை ஊக்கால் எடுத்ததாகப் பிறகுதான் சொன்னான்.

போர்ட்டுகள் அத்தனையும் செத்துவிட்டாலும் உங்கள் கோப்புகள் உள்ளே பத்திரமாகத்தான் இருக்கின்றன. ஃபோனின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து கூகுள் டிரைவில் ஏற்றுங்கள், அல்லது உங்களுக்கே மின்னஞ்சல் அனுப்பிக்கொள்ளுங்கள். அதற்கும் வழியில்லை என்றால் கணினியை அப்படியே கொண்டுவாருங்கள்; பெரும்பாலான கணினிகளில் டிஸ்க்கைக் கழற்றி வேறொரு கணினியில் போட்டு எடுத்துத் தர முடியும். வரும்போது எடுக்காத பென் டிரைவையும் சார்ஜரையும் சேர்த்துக் கொண்டுவாருங்கள். டீ கொட்டியிருந்தால், கீழே விழுந்திருந்தால், ஊக்கை உள்ளே விட்டிருந்தால், தயவுசெய்து முதலிலேயே சொல்லிவிடுங்கள். யாரையும் கடிந்துகொள்வதற்காக நான் அதைக் கேட்பதில்லை. எங்கே முதலில் திறந்து பார்க்க வேண்டும் என்பது அதிலிருந்துதான் எனக்குத் தெரியும்.