சோபா பக்கத்து எலுமிச்சை பட்டினி கிடக்கிறது

திருச்சூர் பக்கத்து மண்ணுத்தி நர்சரியில் பூவும் பிஞ்சுமாக நின்ற எலுமிச்சையைக் காரில் ஏற்றிக் கொண்டுவந்து, பாலக்காட்டு ஃபிளாட்டில் டிவிக்கும் சோபாவுக்கும் நடுவே வைக்கிறார்கள். கொஞ்ச நாளில் இலை கொட்டத் தொடங்குகிறது. தண்ணீர் போதவில்லை என்பார் ஒருவர், தண்ணீர் கூடிப்போச்சு என்பார் இன்னொருவர், உரக்கடைக்காரர் ஒரு பாக்கெட்டை நீட்டுவார். பெரும்பாலும் இது எதுவுமே காரணம் இல்லை. செடிக்கு வெளிச்சம் பத்தவில்லை.

ஹால் நல்ல வெளிச்சமாகத்தானே இருக்கிறது என்று கேட்டால், அது நம் கண்ணுக்கு. கண்மணி வெயிலில் சுருங்கி நிழலில் விரியும், விழித்திரையும் இருட்டுக்குத் தகுந்தபடி தன் உணர்திறனைக் கூட்டிக்கொள்ளும், அதனால் நூறு மடங்கு குறைந்த வெளிச்சம்கூட நமக்குக் கொஞ்சம் மங்கலாகத்தான் படும். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள், உச்சி வெயிலில் வெளியே சுமார் 1,00,000 லக்ஸ் இருக்கும். ஜன்னலிலிருந்து பத்தடி உள்ளே தள்ளி அளந்தால் சில நூறு லக்ஸ் கிடைத்தாலே அதிகம். மணி பிளாண்ட் காட்டு மரங்களின் நிழலில் ஏறிப் பிழைத்துப் பழகிய கொடி, அதற்கு இது ஓடும். எலுமிச்சை, நாரத்தை, ஆரஞ்சு வகை இலைகளோ முழு வெயிலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வரும்வரை வெளிச்சம் கூடக்கூட உணவு தயாரிப்பையும் கூட்டிக்கொண்டே போகிறவை.

செடிக்குள் நடப்பது குடும்ப வரவு செலவு மாதிரிதான். பகலில் இலை வெளிச்சத்தை வைத்துச் சர்க்கரை செய்கிறது, அது வரவு. இலை, தண்டு, வேர் எல்லாம் இரவு பகல் பாராமல் சுவாசித்து அந்தச் சர்க்கரையை எரிக்கின்றன, அது செலவு. இரண்டும் சமமாகிற வெளிச்ச அளவுக்கு ஒளி ஈடுசெய் புள்ளி என்று பெயர். அதற்குக் கீழே போனால் கையிருப்பைத் தின்ன வேண்டியதுதான். பசுமை மாறா மரமான எலுமிச்சை தன் சேமிப்பில் நல்ல பங்கை இலைகளிலேயே வைத்திருக்கிறது, அதனால் ஒவ்வொரு இலை விழும்போதும் சேமிப்பும் போகிறது, நாளைய வரவும் குறைகிறது.

நம் பக்கத்து வெக்கை இதை இன்னும் மோசமாக்குகிறது. வெப்பம் 10 டிகிரி கூடினால் சுவாசம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். மார்ச், ஏப்ரலில் பாலக்காட்டுப் பகல் 40 டிகிரியைத் தொடும், பகலெல்லாம் குடித்த சூட்டைக் கான்கிரீட் சுவர் ராத்திரி முழுக்க அறைக்குள் விடும், ஆக வரவு குறைந்த அதே அறையில்தான் செலவும் உச்சத்தில் இருக்கிறது.

வீட்டுக்குள் எலுமிச்சை வளர்ப்பது என்ற எண்ணமே குளிர்நாட்டிலிருந்து வந்தது. பிரான்சில் வெர்சாய் அரண்மனையின் ஆரஞ்சு மண்டபம் 1684-86இல் கட்டப்பட்டது. பெட்டிகளில் நட்ட மரங்கள் குளிர்காலத்துக்கு மட்டும் உள்ளே போகும், வெயில் காலம் வந்தால் மறுபடி வெளியே வரும், இன்றும் அப்படித்தான். உறைபனியில் சாகாமல் காப்பாற்றத்தான் அந்த மண்டபம், வளர்க்க இல்லை. உறைபனிக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்? பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் எலுமிச்சையை உள்ளே கொண்டுபோக எனக்கு ஒரே காரணம்தான் தெரிகிறது, வீட்டுக்கு வெளியே இடம் இல்லாதது.

சரி, ஃபிளாட்தான், உள்ளேதான் வைக்க முடியும் என்றால் ஜன்னலைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். இணையத்தில் கிடைக்கிற அறிவுரை முக்கால்வாசியும் தெற்கு ஜன்னலைச் சொல்லும். லண்டனில் அது சரி, அங்கே நண்பகல் சூரியன் எப்போதும் தெற்குப் பக்கம்தான், குளிர்காலத்தில் ரொம்பத் தாழ்வாகவும் போகிறது. பாலக்காடு இருப்பது ஏறக்குறைய 10.8 டிகிரி வடக்கு அட்சத்தில். ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வாரம்வரை நம் நண்பகல் சூரியன் தலைக்கு வடக்கே போகிறது. டிசம்பரில்கூட அடிவானத்திலிருந்து 55 டிகிரிக்கு மேல் உயரத்தில் நிற்கிறது. அவ்வளவு உயரத்திலிருந்து வரும் வெயிலை ஜன்னல் மேல் நீட்டியிருக்கும் சன்ஷேடே பெரும்பாலும் தடுத்துவிடும், ஓட்டு வீட்டின் தாழ்ந்த இறவாரம் என்றால் கேட்கவே வேண்டாம். காலையிலும் மாலையிலும் சூரியன் தாழ்ந்திருப்பதால் கிழக்கு, மேற்கு ஜன்னல்களில்தான் வெயில் நேராக உள்ளே விழும். மேற்கில் சூடு அதிகம், ஆகவே கிழக்கு பால்கனி முதல் இடம். எதிரே இன்னொரு அடுக்குமாடி நின்றால் எந்தத் திசையும் உதவாது. தொட்டி வைக்கப்போகும் இடத்தில் உட்கார்ந்து, செடியின் உயரத்துக்குத் தலையைத் தாழ்த்தி, எவ்வளவு வானம் தெரிகிறது என்று பாருங்கள். வானம் தெரியாவிட்டால் எலுமிச்சை பிழைக்காது. நடுமுற்றம் உள்ள பழைய அக்கிரகார வீட்டில் இருப்பவர்களுக்கு இந்தக் கவலையே இல்லை, கொடுத்து வைத்தவர்கள்.

எல்இடி விளக்கு வைக்கலாமா? வைக்கலாம், சாதாரண வெள்ளை எல்இடியின் வெளிச்சத்தையும் இலை பயன்படுத்தும். ஆனால் தூரம் இரண்டு மடங்கானால் பல்பின் வெளிச்சம் கால் பங்காகிவிடும் என்பதால் கூரையில் மாட்டிய விளக்கு பிரயோஜனப்படாது, செடிக்கு மேலே ஓரடியில் தொங்கவிட்டு தினம் 12 மணி நேரமாவது எரிய விடவேண்டும்.

அடுத்தது தண்ணீர், இதில்தான் ஆட்கள் ரொம்பக் குழம்புகிறார்கள். ஊருக்குப் போய்விட்டு வந்து பார்த்தால் செடி வாடி நிற்கிறது, ஆனால் இலை ஒன்றும் கொட்டவில்லை. நிறையத் தண்ணீர் விட்டதும் மறுநாளிலிருந்து இலை உதிர்கிறது. தண்ணீர் அதிகமாகிவிட்டது என்று அடுத்த வாரம் காயப் போடுகிறார்கள், கதை முடிந்தது. நடந்தது வேறு. காய்ந்து கிடந்த நாட்களில் வேரில் ஏசிசி என்ற பொருள் சேர்ந்துகொண்டே இருந்திருக்கிறது. தண்ணீர் கிடைத்ததும் அது மேலே ஏறி இலையில் எத்திலீன் வாயுவாக மாறுகிறது, எத்திலீன்தான் இலையைக் கழன்று விழச் சொல்கிற ஹார்மோன். அதாவது கொட்டுகிற இலை, போன வாரம் மண் காய்ந்து கிடந்ததற்கான பதில். அளவாகத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தால் துளிர்க்கும்.

அதற்காகத் தட்டில் தண்ணீர் தேங்க விடக்கூடாது. வேரும் சுவாசிக்க வேண்டும், சேறான மண்ணில் ஆக்சிஜன் போகாது, ஃபைட்டாப்தோரா என்ற அழுகல் நோய்க் கிருமிக்கு அப்படிப்பட்ட மண்தான் பிடிக்கும். வெளிச்சம் குறைந்த செடி தண்ணீரையும் மெதுவாகத்தான் குடிக்கும், எனவே மாடியில் இருந்தபோது விட்ட அளவை ஹாலில் விடக்கூடாது. விரலை இரண்டு அங்குலம் மண்ணில் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றினால் போதும். புது இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புச் சத்துக் குறைவு. மண்ணில் இரும்பு இருந்தும், சுண்ணாம்பு கலந்த போர்வெல் தண்ணீரைத் தொடர்ந்து ஊற்றி மண் காரமாகிவிட்டதால் வேரால் அதை எடுக்க முடிவதில்லை. ஜூன் வாக்கில் தொடங்கும் இடவப்பாதி மழைத் தண்ணீரைப் பிடித்து ஊற்றலாம், அவசரத்துக்கு, வேர் எளிதாக எடுக்கிற கீலேட் இரும்பு உரம்.

இதெல்லாம் சரியாக இருந்தும் பூக்கவில்லை என்கிறவர்கள், செடி விதையில் முளைத்ததா பதியனா என்று முதலில் பார்க்கவேண்டும். விதைச்செடி பூக்க நாலைந்து வருடமாவது ஆகும். பதியன் என்றால், நீங்கள் அதை ரொம்பச் சீராட்டுகிறீர்கள். குளிர் பிரதேசத்தில் இந்த மரங்களுக்குப் பூக்கச் சொல்லும் சமிக்ஞை குளிர், நம் ஊரில் அது வறட்சி. கோடையில் வாடிய மரம் முதல் மழைக்குப் பூப்பதைத் தோட்டத்தில் பார்த்திருப்பீர்கள், நாக்பூர் ஆரஞ்சு விவசாயிகள் வேண்டுமென்றே பாசனத்தை நிறுத்தி இதையே செய்கிறார்கள், பஹார் என்று பெயர். தினமும் ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கும் வீட்டுச் செடிக்கு அந்தச் சேதி போய்ச் சேர்வதே இல்லை. நல்ல இலைக்கட்டுள்ள, வெயிலில் நிற்கிற செடியை மட்டும், இலை லேசாகச் சுருளும்வரை காய விட்டுப் பிறகு பழையபடி ஊற்றிப் பாருங்கள். கொஞ்சம் இலை போகும், மேலே சொன்ன காரணத்தால்தான். சோபா பக்கத்தில் நிற்கும் நோஞ்சானிடம் இந்த வேலை வேண்டாம்.

காய்க்காவிட்டால் இலையையாவது, எலுமிச்சை, நாரத்தை இலைகளை இடித்துச் செய்யும் வேப்பிலைக்கட்டிக்குப் பறிக்கலாமே என்று பாலக்காட்டு வீடுகளில் கை நீளும். பறிக்கலாம், ஆனால் சேமிப்பு இலையில் இருப்பதால் ஒரே கிளையை மொட்டையடிக்காமல் பல கிளைகளிலிருந்து ஒன்றிரண்டாக எடுங்கள், அதுவும் செடி புதுத் துளிர் விட்டு அது முற்றிய பிறகு.